செக்ரோலில் ஏறாத உழைப்பு

இலங்கை மலைநாட்டின் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்குத் தேயிலைத் தோட்டங்களில் மாதம் 10ஆம் திகதியை ஒட்டி வரும் சம்பளச் சீட்டை எல்லோரும் அடியிலிருந்துதான் படிப்பார்கள். கைக்கு வரும் தொகையைப் பார்த்த பிறகே என்னென்ன கழித்திருக்கிறார்கள் என்று மேலே போவார்கள். சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, கோயில் காசு, தீபாவளி முற்பணத் தவணை, தேயிலைத்தூள். 2024 செப்டெம்பர் வர்த்தமானி நாட்சம்பளத்தை 1,350 ரூபாய் ஆக்கியது. அந்த வீதத்தில் 25 நாள் பேர் விழுந்தால், அதாவது முழுநாள் வேலை பதிவானால், 33,750 ரூபாய். கொழுந்து குறைந்த மாதத்தில் 18 நாள்தான் வேலை என்றால் 24,300. சொன்ன கிலோவை எடுக்காத நாளில் அரைப்பேர். கழிவு போக மிஞ்சுவதில் அரிசி, பிள்ளைகளின் பஸ் காசு, அடகுக் கடை வட்டி எல்லாம் அடங்க வேண்டும்.

அடங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில், வருகையும் சம்பளமும் பதியும் செக்ரோலுக்கு வெளியே இன்னொரு உழைப்பு நடக்கிறது. மாடு, மரக்கறி, ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு, ஓட்டோ, தையல், டியூசன், ராத்திரியில் மாணிக்கக்கல். இதை முன்னேறத் துடிப்பவர்களின் சுறுசுறுப்பு என்று புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள். தோட்ட வேலையைக் கெடுக்கும் வேலை என்று முணுமுணுக்கிற நிர்வாகங்களும் இருக்கின்றன. இரண்டுமே பாதிக் கணக்கு. ஒரு மேல்வருமானம் எவ்வளவு தருகிறது என்பதோடு, அது யாருடைய நிலத்தில் நடக்கிறது, யாருடைய தூக்கத்தைத் தின்கிறது, உழைப்பவர் ஒரு வாரம் படுத்துவிட்டால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

மலைநாட்டில் சம்பளத்துக்கு வெளியே காசு பார்த்த முதல் ஆள் பெரிய கங்காணிதான். ஆள் கொண்டுவந்ததற்குத் தலைக்காசு, தினமும் பிரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, எத்தனை பேர் வந்தார்களோ அத்தனைக்குப் பென்ஸ் காசு. போதாதற்குச் சிலர் கடையும் வைத்துக் கடனுக்குச் சாமான் கொடுத்தார்கள். ஒரு தொழிலாளி தோட்டம் மாறவேண்டுமானால் அவர் தலையில் ஏறியிருந்த கடனைத் துண்டில் எழுதி அடுத்த தோட்டத்துத் துரை கட்டவேண்டியிருந்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. அன்றைக்கு மேல்வருமானம் என்பது இன்னொருவரின் கடனில் முளைத்தது. இன்றைய வடிவங்களை எடைபோடும்போதும் இந்தப் பழைய சங்கதி நினைவில் இருப்பது நல்லது.

கைக்காசில் தொடங்கலாம். பேர் போடாத நாளில், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில், கிலோவுக்கு இவ்வளவு என்று கொழுந்து எடுப்பது. வேகமான கை உள்ளவருக்கு இது லாபம், மறுப்பதற்கில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துவிடும். ஆனால் அதே செடி, அதே கம்பனி, அதே முதுகு. ஆறு நாள் ஏறி இறங்கிய மலையில் ஏழாவது நாளும் ஏறுவது. எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது பல தோட்டங்கள் ஒரு பேருக்கு எடுக்கவேண்டிய கிலோவை ஏற்றின, வேலை நாட்களைக் குறைத்தன. முதல் நாள் வரை மேலதிகக் கிலோவாகக் காசு பெற்றுத்தந்த கொழுந்து, மறுநாள் பேருக்குள்ளேயே அடங்கிவிட்டது. கைக்காசில் ஒரு பெண் காட்டும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அடுத்த முறை அளவை நிர்ணயிக்கும்போது அதை மறந்துவிடுவதில்லை. தராசடியில் தண்ணீருக்கும் சாக்குக்குமாகக் கழிக்கிற கிலோ தனிக் கதை.

மாடு இதற்கு நேர் எதிர். லயத்துக்குப் பின்னால் தகரம் போட்ட பட்டியில் ஒன்றோ இரண்டோ நிற்கும். காலை 5 மணிக்கு முன்பே கறவை. வெளிச்சம் வருமுன் பால் கேன் ரோட்டுக்குப் போய்விடும். அங்கே பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து எழுதுவார்கள், அதை வைத்துத்தான் விலை. பிறகு பிரட்டு, மலை, மாலையில் கொழுந்து நிறுவை. கூடையை இறக்கிய கையோடு அருவாளை எடுத்துக்கொண்டு புல்லறுக்கப் போகவேண்டும். புல்லுக்கென்று ஒரு துண்டு நிலம் கிடையாது. கான் ஓரம், ரோட்டோரம், கைவிட்ட மலை, காட்டு விளிம்பு. அட்டை கடிக்கும், இருட்டிக்கொண்டு வரும், புலி உலாவும் இடம் வேறு. இந்தப் பள்ளத்தாக்கில் சிறுத்தையைத்தான் புலி என்கிறோம். அது கன்றையும் நாயையும் தூக்கிப்போவது ஊருக்குப் புதிதல்ல.

இவ்வளவு சிரமத்துக்கும் மாட்டில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. அது சேமிப்பு. கன்று ஈன்றால் சொத்து வளர்கிறது, அவசரத்துக்கு விற்கலாம். துரையிடமோ சங்கத் தலைவரிடமோ முற்பணத்துக்கு நிற்கவேண்டியதில்லை. பால் காசு தனியாக, தன் பெயரில் வருவதால் வீட்டுக்குள் பெண்ணின் குரலுக்கு ஒரு எடை கூடுகிறது. 2021இல் இரசாயனப் பசளைத் தடை வந்து தேயிலை விளைச்சல் சரிந்து, 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம் வரை ஏறிய அந்த நாட்களில், வீட்டில் கறக்கும் மாடு இருந்தவர்கள் குறைந்தபட்சம் பாலுக்குக் கையேந்தவில்லை. மாட்டின் குறை அதன் நேரம். அது தினமும் காலை ஒன்று, மாலை ஒன்று என்று இரண்டு துண்டு கேட்கிறது, லீவு கொடுப்பதில்லை. அந்த இரண்டு துண்டும் பெரும்பாலான வீடுகளில் பெண்ணின் நாளிலிருந்தோ பள்ளிக்குப் போகும் பிள்ளையின் நாளிலிருந்தோ வெட்டப்படுகின்றன. லாபக் கணக்கு போடும் திட்ட அறிக்கைகள் தீவனம், மருந்து எல்லாம் எழுதும். புல்லறுக்கும் அந்த நேரத்துக்குக் கூலி போட்டு நான் கண்டதில்லை. போட்டால் பல வீடுகளில் லாபம் காணாமல் போகும்.

மரக்கறியும் ஏறக்குறைய இதேதான். லயத்தைச் சுற்றி லீக்ஸ், கரட், கோவா, பீட்ரூட். விலை ஏறினால் கை நிறையும், இறங்கினால் மூட்டை ஏற்றிய லொறிக் கூலிகூட மிஞ்சாது. நிலம் கம்பனியின் குத்தகையில் இருப்பதால், இன்று பாத்தி கட்டிய இடத்தில் நாளை வேறு ஏதாவது நட நிர்வாகம் முடிவெடுத்தால் கேட்க வழியில்லை. காட்டுப்பன்றித் தொல்லைக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு இன்னொரு சிக்கல். 2020 மே மாதம் நல்லதண்ணி லக்‌ஷபான தோட்டத்தில் சுருக்கில் மாட்டிய அரிய கருஞ்சிறுத்தை, மீட்டுக் கொண்டுபோன பிறகும் பிழைக்கவில்லை. நாடே அந்தச் சிறுத்தைக்காகக் கலங்கியது. பன்றி உழுதுபோட்ட பாத்திகளைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை.

இனி, இந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய மேல்வருமானம். தேயிலைக்குப் பெயர்போன பொகவந்தலாவையின் மண்ணுக்கு அடியில் மாணிக்கக்கல்லும் இருக்கிறது. கெசல்கமு ஓயாக் கரையிலும் தேயிலை மலைகளுக்கு நடுவிலும் இரவில் குழி தோண்டுகிறார்கள். கல் இருக்கும் சரளை மண் படை வரும்வரை வெட்டி, நீரை இறைத்து, மண்ணைக் கூடையில் அள்ளி ஆற்றில் அலசிப் பார்ப்பது. பொலிசாரும் விசேட அதிரடிப்படையினரும் சுற்றிவளைத்துச் சிலரைக் கைது செய்த செய்தி அடிக்கடி வரும். மண்வெட்டியும் அலவாங்கும் நீர்ப்பம்பும் வழக்குப் பொருளாகும்.

இதன் கவர்ச்சியைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஒரு நல்ல கல் அகப்பட்டால் ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தாலும் சேராத காசு. யாரோ ஒருவர் அப்படி வீடு கட்டிய கதை ஒவ்வொரு தோட்ட டிவிஷனிலும் உலாவுகிறது. ஆனால் குழிக்குள் இறங்குகிறவர் பணம் போட்டவர் அல்ல. பம்புக்கும் டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் முதல் போடுகிறவர் வேறு, கல்லின் விலையைச் சொல்கிறவர் வேறு. இறங்கியவருக்கு ஒரு பங்கு. அந்தக் கல் பிறகு எவ்வளவுக்குப் போனது என்பது அவர் காதுக்கு வருவதில்லை. கங்காணி காலத்து வடிவம் இங்கேதான் அப்படியே உயிரோடிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். மண் சரிந்து ஆள் செத்தால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் பக்கத்திலும் வராது. சட்டவிரோத வேலை என்பதால், அங்கே ஏன் போனார் என்பதையே வீட்டார் மறைக்கவேண்டிய நிலை. கிளறிய சேறு ஓயாவில் இறங்கிக் காசல்ரி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அந்த நீரில்தான் நோர்ட்டன்பிரிட்ஜிலுள்ள விமலசுரேந்திர மின்நிலையம் ஓடுகிறது.

சரி, அனுமதிப்பத்திரம் எடுத்துப் பகலில் தோண்டலாமே என்பார்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை அனுமதி கொடுக்கிறதுதான். அதற்குக் காணி உரிமை வேண்டும், அல்லது உரிமையாளரின் சம்மதம் வேண்டும். தோட்டக் காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது. நான்கைந்து தலைமுறையாக அதே மண்ணைக் கொத்தியவருக்கு அதில் ஒரு அடிகூட எழுத்தில் இல்லை. சட்டப்படி தோண்டும் கதவே அடைத்திருக்கும்போது, ராத்திரியில் தோண்டுகிறவரின் பேராசையை மட்டும் பேசுவது நியாயமில்லை. அதற்காக ஆற்றையும் மலையையும் குடைவதை நான் ஆதரிக்கவும் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓட்டோ ஒரு காலத்தில் இளைஞர்களின் முதல் தெரிவாக இருந்தது. 2020இல் வாகன இறக்குமதி நின்று பழைய வண்டிக்கே விலை ஏறியது. 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது வாரம் 5 லீற்றர் பெட்ரோல். லீசிங் தவணை மட்டும் நிற்கவில்லை. டியூசன் நல்ல வருமானம், மரியாதையும் உண்டு. தோட்டப் பாடசாலைகளுக்கு எடுத்த ஆசிரிய உதவியாளர்களுக்கு மாதம் 6,000, பிறகு 10,000 ரூபாய் என்று கொடுத்த நாட்களில், மாலை வகுப்புதான் அவர்களை நிற்கவைத்தது. டியூசன் காசு கட்டியவர்கள் கொழுந்தெடுக்கும் தாய்மார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

போனில் காசு சம்பாதிக்கலாம் என்பது புதிய வலை. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு, இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன். பிரமிட் திட்டங்களை வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்கிறது, மத்திய வங்கி தடைசெய்யப்பட்டவற்றின் பெயர்ப்பட்டியலையும் வெளியிட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலை இஸ்தோப்பில் உட்கார்ந்து யார் படிப்பது? சேர்த்துவிட்டவர் பெரும்பாலும் சொந்தக்காரர், பக்கத்துக் காம்பராக்காரர். காசு போனால் உறவும் போகிறது, பொலிசுக்குப் போகவும் கூச்சம். ஒளிவுமறைவில்லாமல் ஓன்லைனில் மொழிபெயர்ப்போ வடிவமைப்போ செய்து உழைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவு, அவர்களைப் பற்றிய பேச்சு மட்டும் அதிகம்.

மொத்தத்தில் இவற்றின் பலம் என்ன? 2019 வீட்டு வருமானக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை வீதம் 14.3 சதவீதம், தோட்டத்துறையில் மட்டும் 33.8. இந்த இடைவெளி இன்னும் அகலமாகாமல் பிடித்து வைத்திருப்பதில் செக்ரோலில் ஏறாத காசுக்குப் பெரிய பங்கு உண்டு. நிர்வாகம் போடும் பேரை நம்பாத ஒரே வருமானமும் அதுதான். வெளி வருமானம் உள்ள வீடு வேலைநிறுத்தத்தில் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும், மற்ற வீடு நான்காம் நாளே மலைக்குப் போகும்.

ஆனால் இதே பலத்தைத் திருப்பிப் போட்டால் கம்பனிக்கும் அது வசதி. தொழிலாளி மாடு வைத்தும் மரக்கறி போட்டும் சமாளிப்பதால்தான் மாதம் 18 நாள் வேலை கொடுத்தும் தோட்டம் நடத்த முடிகிறது. குறைந்த சம்பளத்தின் மிச்சத்தை மாடும் பெண்ணின் மாலை நேரமும் கட்டுகின்றன. சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் ‘மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது, மீதி நேரம் அவர்களுடையதுதானே’ என்ற வாதம் எழும். மலையைப் பங்கு பிரித்துக் கொடுத்துக் கொழுந்தைக் கிலோவுக்கு வாங்கும் அவுட்குரோவர் முறை அந்த வாதத்தின் அடுத்த படி. நல்ல விலை வந்தால் கையில் கூடுதல் காசு வரும், உண்மை. ஆனால் சேமலாப நிதியும் நட்டஈடும் என்ன ஆகும் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன் கேட்கவேண்டும். தோட்ட வேலையே ஒரு மேல்வருமானமாகச் சுருங்கிப்போனால் முதல் வருமானம் என்று எதைச் சொல்வது?

2025 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,550 ஆக்கி, அதோடு அரசாங்கமே நாளுக்கு 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு தரும் என்று முன்மொழிந்தது. ஆட்கள் கிராமத்து மரக்கறித் தோட்டங்களுக்கும் கொழும்புக்கும் போய்விடுகிறார்கள் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டது போலத்தான் இது. பிரட்டுக்கு வருவதற்கே மக்கள் வரிப்பணத்தில் காசு. நான் இதை எதிர்க்கவில்லை, கிடைப்பது கிடைக்கட்டும். ஆனால் அந்தக் காசு கறவை மாட்டுக்குப் புல் தராது. புல்லுக்கு நிலம் வேண்டும்.

2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி பக்கத்து நோர்வூட்டில் பேசி, கூடுதலாக 10,000 வீடுகள் என்று அறிவித்துவிட்டுப் போனார். இந்திய வீட்டுத் திட்டத்தில் அப்போது ஒரு குடும்பத்துக்குப் பேசப்பட்டது 7 பேர்ச்சஸ், சுமார் 1,900 சதுர அடி. லயத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய மாற்றம். ஆனால் வீடும் மலசலகூடமும் பாதையும் போக, மாட்டுப்பட்டியும் நாலு பாத்தி கரட்டும் எங்கே வைப்பது? மாட்டை விற்றுவிட்டுப் புதிய வீட்டில் குடியேற யாருக்குத்தான் மனம் வரும்? அடுத்த சம்பளப் பேச்சில் சங்கங்கள் ரூபாயோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது. கைவிட்ட மலைகளில் டிவிஷனுக்கு இத்தனை ஏக்கர் புல்லுக்கும் மரக்கறிக்கும் என்று எழுத்தில் கேட்கவேண்டும். பட்டி போட நிர்வாகத்தின் வாய்ச்சொல் போதாது, அதற்குக் கடிதம் வேண்டும். கைக்காசுக் கொழுந்துக்கும் சேமலாப நிதி ஏறவேண்டும். அதற்குப் பிறகும் யாராவது இரவில் ஓயாக்கரைக்குப் போனால் அவரைப் பற்றிப் பேசலாம்.