ஈர மரத்துக்கு ஒரு வாச்சி

வாச்சியைக் கையில் எடுத்ததும் பெரும்பாலோர் கட்டைவிரலால் வாயைத் தடவிப் பார்ப்பார்கள். நான் முதலில் காதுக்குள் பார்ப்பேன். வாய் தேய்ந்தால் தீட்டிக்கொள்ளலாம், காது கோணலாக அமைந்துவிட்டால் அந்த வாச்சிக்கு ஆயுளுக்கும் விமோசனம் இல்லை. ஒரே துண்டு இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, உளியால் துளையிட்டு, முளை அடித்துச் சிறிது சிறிதாக விரித்த காதில் சுற்றுச்சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருக்காது. வாய்ப்பக்கம் தடிப்பாகவும் ஓரங்களில் மெலிந்தும் இருக்கும். அந்த ஏற்றத்தாழ்வுதான் அடித்துச் செய்தது என்பதற்கு அத்தாட்சி. இப்போது சந்தையில் கிடைப்பவற்றில் பாதி, பட்டையில் குழாய்த் துண்டை வைத்து வெல்டிங் செய்தவை. பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கின்றன.

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் வழியில் ஒரு கொல்லர் இருந்தார். அவரைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையே. அவர் பட்டறையில் வாச்சி வேண்டும் என்று கேட்டால் விலை சொல்லமாட்டார். “எந்த மரத்துக்குப்பா? ஈரமா, காஞ்சதா?” என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் வராமல் துருத்தியில் கை வைக்கமாட்டார். கட்டில் கால் செதுக்குகிறவனுக்கு ஒரு வாச்சி, வெட்டி ஒரு வாரம்கூட ஆகாத கருவேலங்கட்டையில் கலப்பை செதுக்குகிறவனுக்கு வேறொரு வாச்சி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் புதிதாகப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கட்டையில் போட்டால் முதல் வெட்டிலேயே தெரிந்துவிடும்.

காய்ந்த மரம் வாச்சியின் அடிக்குச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். பச்சை மரம் தெறிக்காது, பட்டையாகச் சுருண்டு உரியும். நார் இன்னும் தண்ணீரில் ஊறியிருப்பதால் வாய் மெலிந்திருந்தால் வழிவிடும், தடித்திருந்தால் நசுங்கிக் கிழியும். எனவே காய்ந்த கட்டைக்கு 35 டிகிரிச் சரிவு வைப்பவர், ஈரக் கட்டைக்கு 25 வரைகூட இறங்குவார். சரிவை உள்பக்கம், அதாவது பிடியைப் பார்த்த பக்கம் மட்டும்தான் எடுப்பார். வெளிப்புறம் இலேசாக வளைந்து, செதுக்கிய தளத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வளைவு முழங்கையை மையமாக வைத்துக் கை வீசும் வட்டத்தோடு ஒத்துப்போகவேண்டும். அதனால் வாங்க வந்தவரின் முன்கையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வளைப்பார். அளந்து நான் பார்த்ததில்லை.

மெல்லிய வாய்க்கு ஒரு ஆபத்து உண்டு. கருவேலத்தில் கணு வரும். கெட்டியாகத் தோய்ந்த மெல்லிய வாய் கணுவில் பட்டால் பல்லு விழும். இதை அவர் சமாளித்த விதம்தான் என்னை அந்தப் பட்டறையில் மணிக்கணக்காக உட்காரவைத்தது. தோய்ச்சல் போடும்போது வாய்ப்பக்கம் ஒன்றரை அங்குலத்தை மட்டும் எண்ணெயில் முக்குவார். உடம்பில் சூடு அப்படியே நிற்கும். உடனே உடைந்த சாணைக்கல் துண்டால் வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, கூரையின் நிழலில் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். உடம்பின் சூடு மெல்ல வாயை நோக்கி நடக்கும், கூடவே நிறமும் நடக்கும். முதலில் வைக்கோல் மஞ்சள், ஏறக்குறைய 230 டிகிரி. பிறகு பழுப்பு, 260. அப்புறம் ஊதா, 280. நீலம் வந்துவிட்டால் 300ஐத் தொட்டாயிற்று. காய்ந்த மரத்து வாச்சி என்றால் வைக்கோல் மஞ்சளிலேயே மறுபடி முக்கி நிறுத்திவிடுவார். ஈர மரத்துக்கு என்றால் பழுப்பைத் தாண்டவிட்டு, ஊதா விளிம்பைத் தொடும் நொடியில் நிறுத்துவார். கொஞ்சம் கெட்டித்தன்மை குறையும், ஆனால் வாய் உடையாது. மழுங்கினால் இரண்டு இழுப்பில் தீட்டிக்கொள்ளலாம். அந்த ஊதா வாயை எட்டும் நேரத்தில் அவர் மூச்சுகூட விடமாட்டார், பக்கத்தில் இருப்பவர்களும் பேசமாட்டார்கள்.

வெயிலில் இந்த வேலை நடக்காது. வெளிச்சம் நிறத்தைப் பொய்யாகக் காட்டும். கொல்லுப்பட்டறை இருட்டாக இருப்பதைப் பார்த்து, ‘பாவம், வசதியில்லை’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இருட்டு ஒரு கருவி.

இரும்பு எங்கிருந்து? லாரிப் பட்டைதான். 1980இல் அசோக் லேலண்ட் ஓசூரில் ஆலை தொடங்கியது. இந்த ஊர் லாரியைச் செய்து அனுப்புகிறது, ஓடித் தேய்ந்த லாரியின் பட்டைகள் பழைய இரும்புக் கடை வழியாக உலைக்குத் திரும்பிவருகின்றன. பட்டை இரும்பில் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் கரி இருக்கும், கூடவே சிலிக்கானோ குரோமியமோ மாங்கனீசோ சேர்ந்திருக்கும். வளைந்து வளைந்து மீள்வதற்கென்றே பிறந்த இரும்பு, அதனால் அடியைத் தாங்கும். தண்டவாள இரும்புதான் உசத்தி என்று சாதிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. பழைய அரத்தை வாயில் ஒட்டவைத்து அடித்ததுதான் வாச்சி என்பவர்களும் உண்டு. அரத்தின் வாய் கூர்மையில் மிஞ்சும், ஒப்புக்கொள்கிறேன். காய்ந்த தேக்கில் இழைப்பவருக்கு அது சரி. கணு நிறைந்த ஈரக் கருவேலத்துக்குப் பட்டைக்கு நிகராக எனக்கு வேறு எதுவும் படவில்லை.

ஆனால் பட்டையிலும் இப்போது சிக்கல். முன்பெல்லாம் லாரிக்கு அடுக்கடுக்காகப் பல பட்டைகள், ஒவ்வொன்றும் முழு நீளத்துக்கும் ஒரே கனம். புதிய வண்டிகளில் பலவற்றுக்கு பாராபோலிக் பட்டை வந்துவிட்டது. நடுவில் தடித்து, முனை நோக்கி மெலியும். முனைத் துண்டில் காது விரிக்க இரும்பு போதாது, நடுத் துண்டை அடித்து மெலியவைப்பதற்குள் கை விட்டுப்போகும். பழைய பட்டை கிடைத்தால் கொல்லர்கள் பதுக்கிவைக்கிறார்கள்.

பெங்களூரு பக்கத்தில் இருப்பதால், ஈர மரத்தில் கரண்டி செதுக்கும் ஆர்வம் இங்கும் பரவியிருக்கிறது. அங்கிருந்து வரும் இளைஞர்கள் ஸ்வீடனின் மோரா கத்தியும், அடித்த கொல்லரின் முதலெழுத்தைத் தலையில் பொறித்துத் தரும் கிரான்ஸ்ஃபோர்ஸ் கோடாலியும் வைத்திருக்கிறார்கள். நல்ல பொருள்கள்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அவை பிர்ச் போன்ற குளிர்நாட்டு மரத்தோடு வளர்ந்தவை. வெக்காலியிலும் கருவேலத்திலும் அவற்றின் வாயை மறுபடி சரிவு மாற்றித் தீட்டவேண்டியிருக்கிறது. அதே இளைஞர்கள் சென்னபட்டணத்துக் கடைசலைப் பாடமாகப் பேசுவார்கள். எல்லை தாண்டினால் எட்டிவிடும் தூரம், வெட்பாலையில் அரக்கேற்றிய அந்தப் பொம்மைகளின் அழகில் எனக்கும் மயக்கம் உண்டு. ஆனால் அங்கே மரத்தை உலர்த்திய பிறகுதான் கடைசலில் ஏற்றுகிறார்கள். மரத்தின் ஈரத்தோடு பேசும் கருவி அங்கே கிடையாது. அவர்களுடைய உளியை வைத்து நம் வாச்சியை எடைபோடக் கூடாது.

ஈரக் கருவேலத்தில் வேலை முடித்த வாச்சியைப் பார்த்திருக்கிறீர்களா? மரத்தின் துவர்ப்பு இரும்பில் பட்டு, வாய் முழுக்க மை பூசியதுபோல் நீலக்கருப்பாகிவிடும். கலப்பையிலும் அந்தக் கறை நிற்கும். பெரியவர் அதைச் சாம்பல் போட்டுத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி வைக்கச் சொல்வார். மறுநாள் வரை விட்டால் வாய் அரித்துவிடும் என்பார். உண்மைதான். பிடிக்கு வெக்காலிதான் வேண்டும் என்பதில் அவருக்குச் சமரசமே கிடையாது. பிடியை நன்றாகக் காயவைத்துப் பிறகுதான் காதில் நுழைப்பார். ஈரப் பிடி பின்னால் சுருங்கி ஆடும். பிக்காசுக்குப் போலவே மேல்முனையை அகலவிட்டு, வீச வீச இறுகும்படி செதுக்குவார். உள்சரிவைத் தீட்டவேண்டும் என்றால் பிடியைத் தட்டிக் கழற்றிவிடலாம். வெல்டிங் குழாயில் ஆப்பு அடித்த பிடி அப்படிக் கழலாது.

இந்த மாவட்டத்துக்கு இரும்பு புதிதல்ல. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த காலக்கணிப்பு கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். அன்று இங்கே எல்லாரும் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையில் ஒரு பங்காவது இன்று உலை மூட்டுகிறவனுக்குப் போயிருக்கலாம். கரி கிடைப்பது அரிது, வெக்காலிக்குக் காட்டில் கை வைக்கமுடியாது, ஏர் பூட்டுகிறவர் சில மேட்டு நிலங்களில்தான் மிச்சம். கலப்பைக்கு ஆள் இல்லாதபோது கலப்பை வாச்சிக்கு யார் வருவார்? வருகிறவர்களும் கிரைண்டரில் தீட்டிக் கொண்டுபோகிறார்கள். தீப்பொறி பறக்கத் தீட்டியதில் வாய் நீலம் பாய்ந்து, போட்ட தோய்ச்சல் அத்தனையும் வீணாகிறது. ஈரச் சாணைக்கல்லில் அரை மணி நேரம் செலவழிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

பெரியவரின் உறவுக்காரப் பையன் ஒருவன் இப்போது செய்கிறான். வார நாட்களில் சிப்காட்டில் ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை உலை. காதை அருமையாக விரிக்கிறான், பெரியவரைவிடச் சுத்தமாகவே. சூடு பார்க்கக் காந்தம் வைத்திருக்கிறான். காந்தம் ஒட்டாமல் போவது 770 டிகிரி அளவில். பட்டை இரும்புக்கு இன்னும் சுமார் 100 டிகிரி ஏறவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், நிறம் பார்த்து ஏற்றுகிறான். என் குறை ஒன்றுதான்: எல்லா வாச்சியையும் வைக்கோல் மஞ்சளிலேயே நிறுத்திவிடுகிறான். போன முறை ஊதா வரை விடச் சொன்னேன். “அண்ணா, வாங்குறவங்க விரலால தடவிப் பாத்து, கெட்டியா இல்லன்னா வெச்சிட்டுப் போயிடுறாங்க” என்றான். எனக்கு மட்டும் ஒன்றை ஊதாவில் நிறுத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். கருவேலங்கட்டைக்கு நான் ஏற்பாடு செய்யவேண்டும்.