அரண்மனைக்கு வெளியே இருந்த வீடு

1946-இல் திவான் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூருக்கு ஓர் அரசியலமைப்புத் திட்டத்தை அறிவித்தார். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு உண்டு. ஆனால் ஆட்சி நடத்தும் திவானைச் சட்டசபை நீக்க முடியாது. அமெரிக்க அதிபரின் முறை இதுதான் என்று விளக்கம் சொல்லப்பட்டது. ‘அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்’ என்ற முழக்கம் அதற்குப் பதிலாக எழுந்தது. அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் எதிர்த்து எழுந்தவர்கள் மேல் அரசுப் படை சுட்டதில் ரத்தம் ஓடியது. அமெரிக்காவிடமிருந்து சி.பி. எடுத்துக்கொள்ள விரும்பாத பழக்கம் ஒன்றும் உண்டு: ஆள்பவரின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதுவது. அந்த உரிமையைக் கேட்ட நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவர் 36 ஆண்டுகளுக்கு முன்பே நாடு கடத்தப்பட்டிருந்தார். அவரிடம் பிறகு வருவோம்.

திருவிதாங்கூர் மன்னர்களின் சொந்த வாழ்க்கையைப் பற்றிய எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடப் புகுந்தால் முதலில் கைக்குக் கிடைப்பவை மூன்று பெரிய நூல்கள். பி. சங்ஙுண்ணி மேனோனின் வரலாறு (1878), வி. நாகமையாவின் அரசுக் கையேடு (1906), டி.கே. வேலுப்பிள்ளையின் கையேடு (1940). நிலவரி, பாசனம், போர், கோயில் திருப்பணி எல்லாம் அவற்றில் விரிவாக உண்டு. மன்னரின் மனைவியும் மக்களும் வரும் இடங்களில் மட்டும் பேனா தயங்கும். இதை வெறும் அரண்மனை விசுவாசம் என்று தள்ளிவிட முடியாது. மருமக்கள் வழியில் அரசுரிமை சகோதரியின் மகனுக்குப் போனது. மன்னரின் மனைவி ராணி அல்லர், அம்மச்சி. மகன் இளவரசன் அல்லன், தம்பி, மகள் தங்கச்சி. அரண்மனைக்குள் அவர்களுக்கு இடமில்லை, அம்மவீடு என்ற தனி வீடுதான். அரசு ஆவணத்தின் கண்ணில் அவர்கள் குடிமக்கள். 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்துத் தாசனாக ஆண்டபோது, மன்னரின் ‘சொந்தம்’ என்று சொல்லத்தக்கது இன்னும் சுருங்கிப்போயிற்று.

பெயர்பெற்ற அம்மவீடுகள் நான்கு: அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு. நான்கு ஊர்களும் பாறசாலைக்குத் தெற்கே, இன்றைய தமிழ்நாட்டில் இருக்கின்றன. சுவாதித் திருநாளின் மனைவி நாராயணிப் பிள்ளை திருவட்டாறு அம்மவீட்டவர். விசாகம் திருநாளின் மனைவி லட்சுமிப் பிள்ளை அருமனை அம்மவீட்டவர். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே விழுந்தது. மன்னர்கள் ஆண்ட நகரம் ஒரு பக்கம், அவர்களின் மனைவியர் குடும்பங்கள் பெயர் எடுத்த ஊர்கள் மறுபக்கம் என்றாயிற்று. பத்மநாபபுரம் அரண்மனைதான் விதிவிலக்கு: நிற்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை.

கையேடுகள் விட்டதைப் பாட்டுகள் பிடித்துக்கொண்டன. தமிழும் மலையாளமும் பிரித்தறிய முடியாமல் கலந்து கிடக்கும் இந்த வட்டாரத்துக் கதைப்பாடல்களை மலையாள ஆய்வாளர்கள் ‘தெக்கன் பாட்டுகள்’ என்று தொகுத்தார்கள். தமிழ் ஆய்வாளர்கள் வில்லுப்பாட்டுக் கதைகள் என்று பதிப்பித்தார்கள். ஒரே பயிரை இரண்டு துறைகள் பாத்தி கட்டிப் பங்கிட்டுக்கொண்டதில், ஒரு பக்கத்தார் மறுபக்கத்துப் பதிப்பைப் பார்ப்பது குறைந்துபோனது இந்தத் துறையின் பெரிய பலவீனம் என்பது என் கருத்து. உலகுடையபெருமாள் கதை, அஞ்சு தம்புரான் பாட்டு, தம்பிமார் கதை எல்லாமே அரச குடும்பத்துக்குள் நடந்த சண்டைகள்தாம். அவற்றில் படைகளுக்கு நிகராகப் பெண்களின் பேச்சும் கேட்கிறது.

தம்பிமார் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1724 முதல் 1729 வரை ஆண்ட ராமவர்மாவின் பிள்ளைகள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும். அரசுத் தரப்பு வரலாற்றில் இவர்கள் எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்களோடு சேர்ந்து, முறைப்படி பட்டத்துக்கு வந்த மருமகன் மார்த்தாண்ட வர்மாவுக்கு எதிராகக் கலகம் செய்தவர்கள். வில்லுப்பாட்டில் கதை சுசீந்திரத்தில் மன்னர் கண்ட அபிராமி என்ற பெண்ணிலிருந்து தொடங்குகிறது. அவளுக்குப் பிறந்த பெண்ணை மார்த்தாண்ட வர்மா மணம் கேட்கிறார், அண்ணன்மார் நிபந்தனை வைக்கிறார்கள், பேச்சு முறிகிறது, தம்பிமார் கொல்லப்படுகிறார்கள், தங்கை உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அநியாயமாகச் செத்தவருக்குப் படையலும் பாட்டும் வைக்கும் மரபு பாடுவதால், அனுதாபம் எந்தப் பக்கம் சாயும் என்பது முதலிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே பாட்டை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்வது தவறு. ஆனால் பெண் கேட்ட கதை நடந்ததா இல்லையா என்று மட்டும் வாதாடுவது அதைவிடப் பெரிய தவறு. தகப்பன் ஆண்ட நாட்டில் மகனுக்கு என்ன உரிமை என்ற கேள்வியைப் பாட்டு எழுப்புகிறது. கையேடு அந்தக் கேள்வியையே குற்றமாக்கிவிடுகிறது.

அமெரிக்காவில் இதற்கு ஓர் இணை உண்டு. மூன்றாம் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் தன் அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸ் வழியாகப் பிள்ளைகள் பெற்றார் என்பதை அவர்களில் ஒருவரான மேடிசன் ஹெமிங்ஸ் 1873-இல் ஓஹாயோ பத்திரிகை ஒன்றில் சொன்னார். ஜெஃபர்சனின் வாழ்க்கையை எழுதியவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் அதை வாய்வழிக் கதை என்று ஒதுக்கினார்கள். 1997-இல் அன்னெட் கார்டன்-ரீட் அந்த ஒதுக்கலையே ஆராய்ந்து புத்தகம் எழுதினார். 1998-இல் மரபணுச் சோதனை மேடிசனின் பேச்சுக்கு வலுச் சேர்த்தது. 2000-இல் ஜெஃபர்சனின் வீட்டைப் பராமரிக்கும் மான்டிசெல்லோ அறக்கட்டளை அதை ஏற்றுக்கொண்டது. அடிமைத்தனமும் மருமக்கள் வழியும் ஒன்றல்ல. அம்மச்சிகளுக்கு நிலமும் மரியாதையும் இருந்தன. ஆனாலும் சட்டம் வெளியே நிறுத்திய பிள்ளைகளின் பேச்சை வரலாற்றாசிரியர்கள் எப்படிக் காதில் வாங்காமல் இருந்தார்கள் என்பதில் இரண்டு நாடுகளும் ஒத்துப்போகின்றன. இங்கே கார்டன்-ரீட் போல ஒருவர் தம்பிமார் கதையைக் கையில் எடுத்துக்கொண்டு கையேடுகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் நிற்கும் அம்மச்சிப் பிலாவு, தம்பிமார் கதையின் மறுதரப்பான மார்த்தாண்ட வர்மாவின் சாட்சி. எதிரிகளிடமிருந்து தப்பி ஓடிய மார்த்தாண்ட வர்மா அந்தப் பலாமரத்தின் பொந்தில் ஒளிந்து பிழைத்தார், பின்னர் கோயிலைக் கட்டினார் என்பது ஊர் சொல்லும் செய்தி. சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ (1891) நாவலுக்குப் பிறகு இந்தச் செய்தி நெய்யாற்றின்கரையைத் தாண்டிக் கேரளம் முழுவதற்கும் சொந்தமாயிற்று. நாவலில் பப்புத் தம்பி பெண் பித்தர். கதாநாயகி பாறுக்குட்டியின் மேல் கண் வைப்பவர். பாட்டில் பெண் கேட்டு வந்தவர் மார்த்தாண்ட வர்மா. நாவலில் அந்தப் பழி தம்பியின் தலையில் ஏறிவிட்டது. சி.வி. இதைத் தெரிந்தே செய்தாரா என்று நிரூபிக்க முடியாது. நாவல் அபாரமானது, அதனாலேயே அது ஏற்படுத்திய சாய்வும் ஆழமானது.

இப்போது அந்த நெய்யாற்றின்கரைக்காரர். 1878-இல் அங்கே பிறந்த கே. ராமகிருஷ்ண பிள்ளை, வக்கம் அப்துல் காதர் மௌலவிக்குச் சொந்தமான ‘சுதேசாபிமானி’யின் ஆசிரியர். திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தோடு ஒழுக்கத்தையும் சேர்த்துத் தாக்கினார். மூலம் திருநாள் மகாராஜாவைச் சுற்றியிருந்த சங்கரன் தம்பி முதலான அரண்மனைச் செல்லப்பிள்ளைகளையும் விடவில்லை. 1910 செப்டம்பர் 26-இல் அச்சகம் பறிமுதலானது. அவர் ஆரல்வாய்மொழி வழியாக எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டார். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே போகும் அந்தப் பாதை அவருடைய பிறந்த ஊர் வழியாகவே போகிறது. அவரைத் தியாகியாகக் கொண்டாடும் கட்டுரைகள் ஏராளம். அவற்றில் பல, திவானின் படுக்கையறையைப் பற்றி அவர் எழுதிய பகுதிகளை நாசூக்காகக் கடந்துவிடுகின்றன. அந்தப் பகுதிகளில் நியாயமான கோபமும் உண்டு, கேள்விப்பட்டதை அச்சேற்றும் அவசரமும் உண்டு. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். கார்ல் மார்க்ஸ், பெஞ்சமின் ஃபிராங்க்ளின், காந்தி ஆகியோரின் வாழ்க்கையை மலையாளத்தில் எழுதியவரும் அவரே. அதிபராகாத அமெரிக்கரைத் தேர்ந்தெடுத்தது அவருடைய குணத்துக்குப் பொருத்தம்தான்.

1916-இல் கண்ணூரில் அவர் இறந்தபின் மனைவி பி. கல்யாணி அம்மா ‘வியாழவட்ட ஸ்மரணகள்’ எழுதினார். 12 ஆண்டுத் தாம்பத்தியம், ஊர் ஊராக அலைந்த குடும்பம், வருமானம், நோய் எல்லாம் அதில் உள்ளன. ஆள்பவரின் வீட்டை எழுதப்போனவரின் வீட்டை அவருடைய மனைவியே எழுதிவைத்தார். இந்தத் துறையில் ஒரே ஒரு நூலை மட்டும் பரிந்துரைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அண்மைக்காலத்தில் பெரிய பாய்ச்சல் மனு எஸ். பிள்ளையின் ‘தி ஐவரி த்ரோன்’ (2015). 1900-இல் மாவேலிக்கரையிலிருந்து தத்தெடுக்கப்பட்ட இரண்டு சிறுமிகள் சேது லட்சுமி பாயியும் சேது பார்வதி பாயியும், இருவரும் ராஜா ரவிவர்மாவின் பேத்திகள். மூத்தவர் 1924 முதல் 1931 வரை ஆட்சிப் பொறுப்பு வகித்தார். இளையவர் கடைசி மன்னர் சித்திரைத் திருநாளின் தாய். இருவருக்கும் இடையே புகைந்த பகை ஓர் அரசாங்கத்தை எப்படி ஆட்டிவைத்தது என்பதை அந்நூல் கடிதங்களைக் கொண்டு காட்டுகிறது. மூத்தவர் மேல் ஆசிரியருக்கு உள்ள பரிவு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. இளையவரின் தரப்பை இதே அளவு விரிவாக எழுத இன்னொருவர் வேண்டும்.

தமிழில் இதுபோன்ற ஆய்வு நூலைவிடப் புனைவும் கவிதையுமே முந்திக்கொண்டன. கவிமணியின் ‘மருமக்கள் வழி மான்மியம்’ இதே முறை சாதாரண வேளாளர் வீட்டில் செய்த அலங்கோலத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் நாற்றம் மகாராஜாவுக்கு ஆகாது என்பதற்காகக் குளமே தூர்க்கப்படுகிறது. மன்னரின் மூக்கு கூட ஊரின் நிலப்படத்தை மாற்றும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆட்சி போனபின் எஞ்சியது என்ன? ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரம் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் மன்னரின் உடைவாளோடு புறப்படுகிறார்கள். குழித்துறையில் ஓரிரவு தங்கி, களியக்காவிளையில் மாநில எல்லை கடந்து, பாறசாலை வழியே வந்து, மறு இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் தங்குகிறார்கள். எல்லையில் இரண்டு மாநிலப் போலீசாரும் மரியாதை செய்கிறார்கள்.

வாரிசு விவகாரமும் பழங்கதையாகிவிடவில்லை. கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் மணம் செய்துகொள்ளாமலே 1991-இல் மறைந்தார். பத்மநாபசுவாமி கோயிலின் பொறுப்பு அவரோடு முடிந்தது என்று கேரள உயர்நீதிமன்றம் 2011-இல் சொன்னது. உச்சநீதிமன்றம் 2020 ஜூலை 13-இல் அதை மாற்றி, வழக்கப்படி அந்த உரிமை குடும்பத்தில் தொடரும் என்றது. கேரளத்தில் மருமக்கள் வழிக் கூட்டுக்குடும்ப முறையை 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துவிட்டது. ஆனால் இந்த வீட்டில் கோயில் பொறுப்பு இன்னமும் சகோதரியின் வழியில்தான் இறங்குகிறது. தம்பிகளுக்கு அந்த வரிசையில் இன்றும் இடமில்லை.