யாழ்நூல் உணர்த்தும் ஆராய்ச்சி நெறி

ஆராய்ச்சியை அதன் முடிவு கொண்டு மட்டும் மதித்தல் சாலாது. அது கடந்துவந்த படிகளையும் நோக்கல் வேண்டும். முடிவை முன்னரே துணிந்துகொண்டு, அதற்கேற்ற சான்றுகளைப் பின்னர்த் தேடுதல் மாணவர் பலரிடத்துக் காணப்படும் குறையாகும். இக்குறை நீங்க விரும்புவார்க்கு விபுலானந்த அடிகளின் ‘யாழ்நூல்’ நல்லதோர் எடுத்துக்காட்டு.

முதற்படி, வினா. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை கூறும் யாழ் எத்தகையது? கருவி வழக்கொழிந்தமையால் அடியார்க்குநல்லார் உரையும் எளிதில் விளங்காதாயிற்று. இரண்டாம்படி, சான்று தொகுத்தல். இலக்கியங்களையும் உரைகளையும் தேவாரப் பண்களையும் அடிகள் ஒருங்குவைத்து ஆராய்ந்தார். மூன்றாம்படி, சோதித்தல். குரல் நரம்பின் மூன்றில் இரண்டு பங்கை ஒலிப்பித்தால் இளி பிறக்கும். இத்தகைய அளவுகளைக் கொண்டு, அறிவியற் பட்டதாரியான அடிகள் பழைய இசைப்பெயர்களை எண்களாக்கிக் காட்டினார். நூலின் தலையாய சிறப்பு இதுவே.

ஆயினும் ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. கணக்குப் பிழையற்றதாதல் ஒன்று. பாணர் அக்கணக்கின்படியே நரம்பு கட்டினர் என்பது பிறிதொன்று. 1917இல் வெளிவந்த ‘கருணாமிர்த சாகரத்’தில் ஆபிரகாம் பண்டிதர், சுருதிகள் இருபத்து நான்கு என நிறுவ முயன்றார். அடிகளோ இருபத்திரண்டு அலகுகளைக் கொண்டார். இருவரும் சிலப்பதிகாரத்தையே சான்றாகக் கொண்டமை நோக்கத்தக்கது. ஆகவே, அளந்து கண்டது எது, உய்த்துணர்ந்தது எது எனப் பிரித்தறிந்தே யாழ்நூலைக் கற்றல் வேண்டும்.

நான்காம்படி, அவையேற்றம். 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறிற்று. அடுத்த மாதமே, யூலை 19இல், அடிகள் மறைந்தார். தடைகளைக் கேட்டு விடை கூறித் திருத்தும் ஐந்தாம்படி அவர்க்குக் கிட்டவில்லை. பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பின் இறுதிப்படி இவ்வாறு பிறர்க்கென எஞ்சிற்று.

அடிகள் 1943 முதல் இறுதிவரை தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் அந்நாளிற் கொழும்பிலேயே இருந்தது. தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நம் மாணவர்க்கு அவ்விடம் தொலைவன்று. ஆண்டுதோறும் அடிகளைப் போற்றுகின்றோம். போற்றுதலோடு அமையாது, அவர் கணக்கை மீளப் போட்டு, நரம்பு கட்டி ஒலித்துப் பார்த்து, பிழை காணின் அஞ்சாது உரைத்தலே அவர்க்கு நாம் ஆற்றும் கடனாகும்.