பலூனும் பரிகாசமும்

சிரிக்கிறவன் யார் பக்கத்தில் நின்றுகொண்டு சிரிக்கிறான் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கதை எழுதுகிறவனுக்கு இது தவிர்க்க முடியாத வியாதி. பலூன் பறக்க ஆரம்பித்த காலத்தில் பாரிஸிலும் லண்டனிலும் அச்சடித்து விற்ற கேலிச் சித்திரங்களைப் பார்த்தபோதும் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நின்றது.

1783 ஜூனில் மாண்ட்கோல்பியர் சகோதரர்கள் பிரான்ஸில் உஷ்ணக் காற்று நிரப்பிய பலூனை ஜனங்கள் முன்னிலையில் பறக்கவிட்டார்கள். ஆகஸ்டு 27ஆம் தேதி, பாரிஸில், சார்லஸ் என்ற விஞ்ஞானி ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பட்டுப் பலூன் ஒன்றை ஆளில்லாமல் அனுப்பினார். வாயுக்களைப் பற்றிய விதி ஒன்றை இன்றும் பள்ளிப் பையன்கள் இவர் பெயரால்தான் நெட்டுருப் போடுகிறார்கள். பலூன் முக்கால் மணி நேரம் பறந்து, கோனெஸ் என்ற கிராமத்தில் போய் விழுந்தது. ஊர்க்காரர்களுக்குத் தலையும் காலும் புரியவில்லை. வானத்திலிருந்து விழுந்தது, தரையில் கிடந்து புரள்கிறது, குத்தினால் சீறுகிறது, நாற்றம் வேறு. கவைக்கோலை எடுத்துக்கொண்டு வந்து கந்தலாக்கிவிட்டார்கள்.

இந்தக் காட்சியைச் சித்திரமாக்கி விற்றார்கள். பாரிஸ்காரர்கள் வாங்கிச் சிரித்தார்கள். ஆனால் சித்திரத்தின் தலைப்பைப் படித்தால் எனக்கு வேறு சிரிப்பு வருகிறது. விழுந்த பலூன் மாண்ட்கோல்பியருடையது என்று அச்சடித்திருக்கிறார்கள்! பலூன் இன்னதென்று தெரியாத குடியானவனைப் பரிகாசம் செய்ய வந்தவருக்கு, அது யாருடைய பலூன் என்று தெரியவில்லை. குடியானவனுக்காவது யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இது பயப்படத் தக்கதல்ல என்று சர்க்கார் அறிவிப்புப் போட்டதே அதற்குப் பிறகுதான்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1784 ஜூலை 11ஆம் தேதி, பாரிஸ் லக்ஸம்பர்க் தோட்டத்தில், மியோலான் என்ற பாதிரியாரும் ஜானினே என்பவரும் பெரிய பலூன் ஒன்றைக் கிளப்புவதாக விளம்பரம் செய்து டிக்கட் விற்றார்கள். நல்ல வெயில். கூட்டம் காத்துக் காத்துப் பார்த்தது. பலூன் எழும்பவில்லை. டிக்கட் வாங்கிய கனவான்கள் உள்ளே பாய்ந்து பலூனைக் கிழித்தார்கள், கொளுத்தியும் விட்டார்கள். கோனெஸ் குடியானவர்கள் பயத்தில் செய்ததை இவர்கள் கோபத்தில் செய்தார்கள்.

மறுபடியும் சித்திரங்கள் வந்தன. இந்தத் தடவை கேலி கிழித்தவர்கள்மேல் இல்லை, பலூனைப் பறிகொடுத்தவர்கள்மேல். மியோலானைப் பூனையாகவும் ஜானினேயைக் கழுதையாகவும் போட்டார்கள். மியோலான் என்ற பெயர் பிரெஞ்சில் பூனை கத்துவதுபோல் ஒலிக்கும்; ஜானினே என்பதில் கழுதை என்ற சொல் ஒளிந்திருக்கிறது. பாதிரியாரின் பெயரெழுத்துக்களை இடம் மாற்றி 'பாழான பலூன்' என்றும் படித்தார்கள். சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கிராமத்தான் கிழித்தால் அறியாமை, கனவான் கிழித்தால் நியாயம் என்று சித்திரக்காரர்கள் எப்படித் தீர்மானித்தார்கள்? சித்திரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர் கனவான். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இதில் இன்னொன்று. இந்த ஜானினே செதுக்குச் சித்திரத் தொழிலில் கைதேர்ந்தவர். வர்ணத்தில் அச்சிடும் வித்தையில் பிரான்ஸிலேயே முன்னோடிகளில் ஒருவர். அவரைக் கழுதையாக்கியவர்கள் அவருடைய சக தொழிலாளிகள். பத்திரிகை உலகத்தோடு கொஞ்சம் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

லண்டனில் 1784ல் வந்த ஒரு சித்திரத்தில் மாண்ட்கோல்பியர் மேகத்தின்மேல் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதுகிறார். கற்பனை அழகானது, பார்த்தவுடன் பலூனின் உருவமும் ஆயுளும் இரண்டும் மனத்தில் பதிந்துவிடுகின்றன. இதோடு விட்டிருக்கலாம். கீழே அவரைக் கொச்சை இங்கிலீஷில் பீற்றிக்கொள்ள வைத்திருக்கிறார்கள். அன்னியனின் உச்சரிப்பைக் கேலி செய்வது மிகவும் மலிவான ஹாஸ்யம். நல்ல சித்திரம் அதனால் பாதி கெட்டுப்போயிற்று.

பலூன் கேலியில் எனக்கு மனசுக்குப் பிடித்தது எண்பது வருஷம் கழித்துத்தான் வந்தது. 1862ல் தோமியே போட்ட நாதாரின் சித்திரம். நாதாரும் கேலிச் சித்திரக்காரர்; பிறகு புகைப்படக்காரராகி, பலூனில் ஏறிப் படம் பிடித்தவர். புகைப்படத்தைக் கலையின் உயரத்துக்கு அவர் ஏற்றுகிறார் என்று தோமியே சிலேடையாகத் தலைப்புக் கொடுத்தார். குத்தல்தான். ஆனால் விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. உயரத்தில் வேலையில் முனைந்திருக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரிப்பு அவனோடும் நிற்கவில்லை. கீழே பாரிஸ் நகரம் முழுவதும் கட்டடத்துக்குக் கட்டடம் 'புகைப்படம்' என்று பலகை. மேலே காற்றில் தொப்பி பறந்து போகிறது. நாதார் காமிராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.