தண்டனை இல்லாத விதி

அமெரிக்காவில் பல ஊர்களில் ‘அமெரிக்கன் லீஜியன்’ என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் கிளை வாசலில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். சில இடங்களில் அது தபால் துறை கழித்துப்போட்ட பழைய அஞ்சல் பெட்டியாகக்கூட இருக்கும். வெயிலிலும் பனியிலும் நைந்துபோன தேசியக் கொடியை ஊர்மக்கள் அதில் போட்டுவிட்டுப் போகலாம். சேர்ந்த கொடிகளை, பெரும்பாலும் ஜூன் 14ஆம் நாள் கொடி தினத்தன்று, முன்னாள் வீரர்கள் வரிசையாக நின்று சடங்கு முறைப்படி எரிப்பார்கள். இந்தச் சடங்கை லீஜியன் 1937இல் தீர்மானமாகவே நிறைவேற்றியது. (இப்போதைய கொடிகளில் பல நைலான், எரித்தால் வரும் புகை நல்லதல்ல என்பதால் சில கிளைகள் மாற்றுவழி தேடுகின்றன.) இப்படிக் கொடியை எரிக்கும் இதே அமைப்புதான், கொடியை எரிப்பவரைத் தண்டிக்க வழிசெய்யும் வகையில் அரசமைப்பையே திருத்த வேண்டும் என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவருகிறது. கேட்டால், இதில் முரண் எதுவும் இல்லை, எரிப்பவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பதே வேறுபாடு என்பார்கள். உண்மைதான். அப்படியானால் சட்டம் தண்டிக்கப்போவது நெருப்பையா, மனத்தையா?

படைவீரர் நலச் சங்கம் ஒன்று தேசபக்தி வளர்க்கும் வேலையையும் எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு லீஜியனைவிடத் தெளிவான சான்று இல்லை. முதல் உலகப்போர் முடிந்து ஊர்திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த அமெரிக்கப் படையினர் 1919 மார்ச்சில் பாரிசில் கூடித் தொடங்கிய சங்கம் இது. அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றம் அதற்குப் பட்டயம் வழங்கியது. ஊனமுற்ற தோழருக்கு மருத்துவம், இறந்தவர் பிள்ளைகளுக்கு ஆதரவு, வேலைவாய்ப்பு என்ற நோக்கங்களோடு ‘அமெரிக்கத்தன்மையை’ வளர்ப்பதும் தொடக்கத்திலேயே சேர்ந்துகொண்டது.

அன்றைக்குக் கொடியை எப்படி ஏற்றுவது, எப்படி மடிப்பது என்பதில் நாடு முழுமைக்கும் பொதுவான ஒழுங்கு கிடையாது. தரைப்படையினர் ஒருவிதம், கடற்படையினர் ஒருவிதம், பள்ளிகள் தத்தம் விருப்பப்படி. 1923 ஜூன் 14, 15 ஆகிய நாள்களில் லீஜியன் வாஷிங்டனில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. அறுபதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் வந்தன. குடியரசுத் தலைவர் ஹார்டிங் வந்து பேசினார். அங்கே எழுதப்பட்ட விதிகளைத்தான், பெரிய மாற்றமின்றி, 1942 ஜூன் 22 அன்று நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. மீறினால் என்ன தண்டனை என்று அந்த விதிகளில் ஒரு வரியும் இல்லை. இப்படிச் செய்வது தகும், இப்படிச் செய்வது தகாது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். தேசியக் கொடியை அவமதித்தால் மூன்றாண்டு வரை சிறை என்று சொல்லும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கும்.

லீஜியன் செய்தவற்றில் ஆகச் சிறந்த வேலை இந்தத் தண்டனையில்லாத விதித்தொகுப்புதான் என்பது என் கணிப்பு. தண்டனை இல்லாததால் அதை யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாக வேண்டியிருந்தது. வியட்நாம் போருக்குப் போய்வந்த ஒரு கிழவர் பள்ளிக்குப் போய், எட்டு வயதுப் பிள்ளைகள் இருவரைக் கொடியின் இரு முனைகளைப் பிடிக்கச் சொல்லி முக்கோணமாக மடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அந்தப் பிள்ளைகளுக்குக் கொடியோடு சேர்ந்து அந்தக் கிழவரும் நினைவில் நிற்பார். காவல்துறை சொல்லிக்கொடுத்திருந்தால் மடிப்பு மட்டும்தான் நின்றிருக்கும்.

இதிலும் குறை உண்டு. விதி பரவப் பரவ விதியில் இல்லாதவையும் சேர்ந்து பரவின. கொடி தரையில் பட்டுவிட்டால் எரித்தே ஆக வேண்டும் என்று ஏராளமானோர் நம்புகிறார்கள். அப்படி எங்கும் எழுதியில்லை, அழுக்கைத் துவைத்துவிட்டு மறுபடி ஏற்றலாம். கொடியை உடையாக அணியக் கூடாது, விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பவை எழுதியே இருக்கின்றன. ஆனால் ஜூலை 4 அன்று கொடி அச்சிட்ட பனியன், கால்சட்டை, பீர் டப்பா எல்லாம் தெருவெங்கும் திரியும்; யாருக்கும் கோபம் வருவதில்லை. நம்மவர் செய்தால் கொண்டாட்டம், பிடிக்காதவர் செய்தால் அவமதிப்பு. எந்த மீறலுக்குக் கோபம் வருகிறது, எதற்கு வருவதில்லை என்று கவனித்தாலே அந்த மரியாதை கொடிக்கு உரியதா, வேறெதற்காவதா என்று தெரிந்துவிடும்.

கொடிமரியாதையின் முழுப்பொருளும் வெளிப்படும் இடம் இடுகாடு. 2000ஆம் ஆண்டிலிருந்து, குடும்பத்தார் கேட்டால், தகுதியுள்ள ஒவ்வொரு முன்னாள் வீரரின் இறுதிச்சடங்குக்கும் குறைந்தது இரண்டு சீருடையினரை அனுப்பியாக வேண்டும் என்பது சட்டம். கொடியை மடித்துக் குடும்பத்தாரிடம் கொடுக்க வேண்டும், ‘டேப்ஸ்’ என்னும் எக்காள இசை ஒலிக்க வேண்டும். இரண்டாம் உலகப்போர்த் தலைமுறை மளமளவென்று மறைந்துகொண்டிருந்த காலம் அது. எக்காளம் ஊதத் தெரிந்தவர் போதவில்லை. எக்காளத்துக்குள் செருகிப் பொத்தானை அழுத்தினால் இசை வரும் கருவியைப் படைத்துறையே அறிமுகப்படுத்தியது. ஊதுவதுபோலப் பாவனை செய்தால் போதும். இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டியவர்கள் லீஜியன் போன்ற சங்கங்களின் தொண்டர்கள். துப்பாக்கி மரியாதைக்கு எழுபது வயதுக்காரர்கள் பனியில் வந்து நிற்கிறார்கள். உறவினர் யாருமின்றி இறந்துபோன வீடற்ற வீரருக்கு, அவரை முன்பின் அறியாத முன்னாள் வீரர்கள் திரண்டு, உறவாக நின்று கொடியை வாங்கிக்கொள்கிறார்கள். இங்கே கொடி யாரையும் சோதிக்கவில்லை. இறந்தவர் எந்தக் கட்சி, எந்த மதம், சாகும்போது கையில் எவ்வளவு காசு இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அங்கும் ஒரு நெருடல் வந்தது. கொடியின் பதின்மூன்று மடிப்புகளுக்கும் பொருள் சொல்லும் ஓர் உரையைத் தொண்டர்கள் படிப்பது வழக்கம். அதில் சில மடிப்புகளுக்கு வெளிப்படையான சமயப் பொருள் உண்டு. சட்டத்திலோ கொடி விதிகளிலோ இப்படிப் பொருள் எதுவும் கிடையாது. பின்னால் யாரோ எழுதிச் சேர்த்தது. 2007இல் தேசிய இடுகாடுகளில் அந்த உரைக்குத் தடை வர, பெரும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு, குடும்பத்தார் கேட்டால் படிக்கலாம் என்று தளர்த்தினார்கள். முடிவு செய்ய வேண்டியவர் யாரோ அவரிடமே விட்டார்கள். நல்ல தீர்வுதான்.

கொடி விதிகள் நிறைவேறிய நாளுக்குச் சரியாக ஈராண்டு கழித்து, 1944 ஜூன் 22 அன்று, லீஜியனின் இன்னொரு பெருஞ்சாதனை கையெழுத்தானது. போர்முடிந்து திரும்புவோருக்குக் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்கடன், வேலையில்லாக் காலத்துக்கு உதவித்தொகை தந்த ‘ஜி.ஐ. பில்’. அதன் முதல் வரைவை, லீஜியனின் முன்னாள் தேசியத் தலைவரான ஹாரி கால்மெரி என்ற வழக்கறிஞர் வாஷிங்டனின் மேஃபிளவர் ஓட்டல் தாளில் கைப்பட எழுதினார். 1947இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தோரில் ஏறக்குறைய பாதிப்பேர் முன்னாள் வீரர்கள். ஒரு நாடு தன் வீரருக்குக் காட்டக்கூடிய மரியாதை இதுதான் என்று சொல்லிவிட்டு நகரலாம். ஆனால் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. உதவியைப் பகிரும் பொறுப்பு உள்ளூர் அலுவலர், உள்ளூர் வங்கி கையில் இருந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் 1947இல் எடுத்த ஒரு கணக்கில், அரசு உறுதியளித்த 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. தென்மாநிலங்களில் லீஜியன் கிளைகளும் நிறவாரியாகவே பிரிந்து கிடந்தன. ஒரே கொடிக்கு இரண்டு வரிசைகள்.

கொடியை அளவுகோலாகக் கையில் எடுத்தபோதெல்லாம் லீஜியன் சறுக்கியிருக்கிறது. 1940 ஜூனில் உச்ச நீதிமன்றம், கொடிவணக்கம் செய்ய மறுத்த யெகோவாவின் சாட்சிகள் பிரிவுப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே மாத இறுதியில் மேற்கு வர்ஜீனியாவின் ரிச்வுட் என்னும் சிற்றூரில், துணை ஷெரிப் ஒருவரும் உள்ளூர் லீஜியன்காரர்களும் சேர்ந்து அந்தப் பிரிவினர் சிலரைப் பிடித்து, விளக்கெண்ணெயை வற்புறுத்திக் குடிக்கவைத்து, கயிற்றால் பிணைத்து ஊர்வலமாக நடத்தினார்கள். தேசியத் தலைமை சொல்லி நடந்ததில்லை இது. ஆனாலும் அந்த ஊருக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. மூன்றாண்டு கழித்து, 1943 ஜூன் 14 அன்று, கொடி தினத்திலேயே, உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றி, கட்டாய வணக்கம் கூடாது என்றது. ‘பார்னெட்’ என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பு கடல்தாண்டி நம் நாட்டுக்கும் வந்தது. தேசியகீதம் பாடாமல் எழுந்து மட்டும் நின்ற கேரளப் பிள்ளைகள் மூவரைப் பள்ளியிலிருந்து நீக்கிய வழக்கில், 1986இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அதை எடுத்துப் பேசியது.

ரிச்வுட்டைவிட என்னை அதிகம் உறுத்துவது ஓரிகன் மாநிலத்தின் ஹுட் ரிவர். போருக்குப் போன உள்ளூர் இளைஞர் பெயர்களை அங்கே பொதுச்சுவரில் எழுதிவைத்திருந்தார்கள். 1944 நவம்பரில் அவ்வூர் லீஜியன் கிளை, அந்தப் பட்டியலிலிருந்து 16 பெயர்களை அழித்தது. பதினாறும் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கப் படைவீரர்களின் பெயர்கள். அவர்களில் ஒருவரான ஃபிராங்க் ஹச்சியா சில வாரங்களில் பிலிப்பைன்ஸில் லேத்தே தீவில் அமெரிக்காவுக்காகப் போரிட்டுச் செத்தார். நாடெங்கும் கண்டனம் எழுந்து, லீஜியனின் தேசியத் தலைமையே நெருக்கிய பிறகு பெயர்கள் மறுபடி ஏறின. கொடியை மதிக்காத யாரையும் ஹுட் ரிவர்க்காரர்கள் தண்டிக்கவில்லை. கொடிக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களையே, தங்கள் கண்ணுக்கு அமெரிக்கராகத் தெரியவில்லை என்பதால், நீக்கினார்கள். தேசபக்தியை அளக்கும் வேலையை ஒரு சங்கம் தன்னிடம் வைத்துக்கொண்டால், கோலைப் பிடித்திருப்பவரின் வெறுப்பும் அளவுக்குள் வந்துவிடுகிறது. 2021இல் ஓஹியோவின் ஹட்சன் நகரில், நினைவு நாள் உரையில் விடுதலைபெற்ற கறுப்பின மக்கள் அந்நாளைத் தொடக்கத்தில் அனுசரித்ததைப் பற்றி ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் பேசியபோது, விழா ஏற்பாட்டாளர்கள் ஒலிவாங்கியை அணைத்தார்கள். மாநில லீஜியன் ஹட்சனில் உள்ள லீஜியன் கிளையின் பட்டயத்தையே நிறுத்திவைத்தது. ஹுட் ரிவரில் திருந்த மாதங்கள் ஆயின. ஹட்சனில் சில நாள்களே. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி அந்த அரசமைப்புத் திருத்தம். 1984இல் டாலஸ் நகரில் குடியரசுக் கட்சி மாநாட்டின்போது கிரெகரி ஜான்சன் என்பவர் கொடியை எரித்தார். 1989இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைக் கருத்துரிமை என்றது. கிழிந்த கொடியை அப்புறப்படுத்துவதற்காக எரித்திருந்தால் ஜான்சன் தண்டிக்கப்பட்டிருக்கவே மாட்டார் என்பதைத் தீர்ப்பெழுதிய நீதிபதி பிரென்னன் சுட்டிக்காட்டினார். ஆக, லீஜியன் 1937இல் வகுத்த சடங்குதான் ஜான்சனுக்கு ஆதரவான வாதமாக வந்து நின்றது. கொடி எரிப்பைத் தடுக்கும் இன்னொரு சட்டமும் 1990இல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்ததும், 1994இல் லீஜியன் முன்னின்று ஒரு கூட்டமைப்பை உண்டாக்கித் திருத்தம் கேட்டுப் புறப்பட்டது. கீழவை ஆறு முறை நிறைவேற்றியது. 2006 ஜூனில் மேலவையில் 66க்கு 34, தேவை 67. ஒரே வாக்கில் தோற்றது.

எதிர்த்து வாக்களித்த 34 பேரில் ஒருவர் ஹவாயின் டேனியல் இனோயே. ஜப்பானிய வம்சாவளியினருக்கென அமைந்த 442ஆம் படைப்பிரிவில் போரிட்டு, 1945இல் இத்தாலியில் வலக்கையை இழந்தவர். நாட்டின் உச்ச வீரப்பதக்கம் பெற்றவர். ஹுட் ரிவரில் பெயர் அழிக்கப்பட்டவர்களின் இனம். கொடியை எரிப்பது அவருக்கு அருவருப்பு. ஆனால் அதைத் தடுக்க அரசமைப்பில் கைவைக்க அவர் உடன்படவில்லை. முப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த காலின் பவலும் முன்பே இதே கருத்தைக் கடிதமாக எழுதியிருந்தார். முன்னாள் வீரர்கள் அனைவரின் குரலாகவும் ஒரு சங்கம் பேசுவதில் உள்ள தவறு இங்கே தெரிகிறது. போருக்குப் போனதால் எல்லோரும் ஒரே கருத்துக்கு வந்துவிடுவதில்லை. 2025 ஆகஸ்டில் கொடி எரிப்பு வழக்குகளைத் தீவிரப்படுத்தச் சொல்லி டிரம்ப் ஆணை பிறப்பித்த அன்றே, வெள்ளை மாளிகை எதிரே கொடியை எரித்தவரும் ராணுவத்தில் இருபது ஆண்டு பணியாற்றிய ஒருவர்தான்.

லீஜியன் சார்பில் ஒரு வாதம் வலுவானது, தட்டிக்கழிக்கக் கூடாது. நண்பனின் சவப்பெட்டிமேல் விரித்த துணியைத் தெருவில் ஒருவர் கொளுத்தும்போது, அது வெறும் கருத்து என்று அந்த வீரரிடம் சொல்வது கொடூரம். அந்த வலி உண்மையானது. ஆனால் 1923இல் அவர்களே கண்டுபிடித்த மருந்து அவர்கள் கையில்தான் இருந்தது: சொல்லிக்கொடுத்தல். தண்டனையைக் கேட்கப் போனபோது, அந்த விதிகளுக்கு இருந்த தார்மீக வலுவைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள்.

1946இல் லீஜியன் உறுப்பினர்கள் 33 லட்சம். இன்று 20 லட்சத்துக்கும் கீழே. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய பலர், 2010 ஹெய்தி நிலநடுக்கத்தின்போது முன்னாள் மரைன்கள் தொடங்கிய ‘டீம் ரூபிகான்’ போன்ற அமைப்புகளுக்குப் போய், வெள்ளத்தில் இடிந்த வீடுகளிலிருந்து சேற்றை வாரிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இளையவர்களைத் தக்கவைக்கக்கூடிய ஒன்று லீஜியனிடம் இல்லாமல் இல்லை. ஆண்டுதோறும் அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் தற்கொலை செய்துகொள்கிறார்கள். ‘பட்டி செக்’ என்ற பெயரில் கிளை உறுப்பினர்கள், பழக்கம் விட்டுப்போன தோழர்களைத் தொலைபேசியில் அழைத்து, சாப்பிட்டாயா, மருத்துவமனைக்குப் போக வண்டி வேண்டுமா என்று கேட்கிறார்கள். இதை நாடு முழுவதும் ஆண்டுக்கொரு வாரம் நடத்த வேண்டும் என்ற லீஜியனின் கோரிக்கை 2022 இறுதியில் சட்டமாகிவிட்டது. அதற்கு அரசமைப்பைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. மேலவையில் ஒரு வாக்குக் குறைகிறதே என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கவும் இல்லை.