லிசாவுக்கு வார்த்தை தீர்ந்துபோகும் இடம்

சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் தொடரில் ஆகச்சிறந்த எபிசோடு எது என்று பேச்சு எழுந்தால் ரசிகர்கள் பெரும்பாலும் மோனோரயில் எபிசோடுக்குத்தான் கை தூக்குகிறார்கள். 1993இல் கானன் ஓ'பிரையன் எழுதியது. பில் ஹார்ட்மன் பாடிப் பாடியே ஒரு ஊரை ஏமாற்றுகிற அழகை நானும் மறுக்கவில்லை. ஆனால் அதில் யாருக்கும் எதுவும் வலிக்காது. என் ஓட்டு அதற்கும் முந்திய ஒன்றுக்கு: 1991 ஏப்ரல் 25 அன்று ஒளிபரப்பான 'லிசாஸ் சப்ஸ்டிடியூட்'. எழுதியவர் ஜான் விட்டி, இயக்கியவர் ரிச் மூர்.

இதைக் கொண்டாடுகிறவர்களும் ரயில் நிலையத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். லிசாவின் வகுப்புக்குத் தற்காலிக ஆசிரியராக வந்த பெர்க்ஸ்ட்ராம் சார் ரயில் நிலையத்தில் விடைபெறும்போது மடித்துக் கொடுக்கும் அந்தத் துண்டுச் சீட்டும், அதில் லிசாவின் பெயரைத் தாங்கி நிற்கும் ஒற்றை வாக்கியமும் அருமைதான். அவருக்குக் குரல் கொடுத்த டஸ்டின் ஹாஃப்மன் சொந்தப் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் 'சாம் எடிக்' என்ற புனைபெயரில் அவ்வளவு மென்மையாகப் பேசியிருக்கிறார். இருந்தாலும் இது ஹாஃப்மனின் எபிசோடு அல்ல. லிசாவுக்குக் குரல் கொடுத்த யார்ட்லி ஸ்மித்தின் எபிசோடு.

முதல் வகுப்பை நினைத்துப் பாருங்கள். கௌபாய் வேடத்தில் வந்து நிற்கிறார் பெர்க்ஸ்ட்ராம். ஆண்டு 1830 என்கிறார், தன் வேடத்தில் மூன்று தவறுகள் உண்டு, கண்டுபிடியுங்கள் என்கிறார். லிசா கையைத் தூக்குகிறாள். டெக்ஸஸ் மாநிலமானது 1845இல்தான், ரிவால்வர் வந்தது 1835இல்தான் என்று அடுக்குகிறாள். அந்தக் குரலில் தடுமாற்றமே இல்லை. சரியான விடை தெரிந்த பிள்ளைக்கு வரும் சின்னப் பெருமிதம் மட்டும் ஓரமாக எட்டிப் பார்க்கிறது.

இப்போது ரயில் போன பிறகு வரும் இரவுச் சாப்பாட்டுக்கு வாருங்கள். சார் போய்விட்டார் என்கிறாள் லிசா. அப்பா ஹோமருக்கு அது உறைக்கவே இல்லை. அப்போதுதான் அவள் அப்பாவைப் பார்த்து பபூன் குரங்கே என்கிறாள். முதல் தடவை அது ஏறக்குறைய யோசித்துச் சொன்னதுபோல விழுகிறது. என்ன சொல்கிறாய் என்று தெரிந்துதான் சொல்கிறாயா என ஹோமர் இழுக்க, அதே வசவு மறுபடியும், மறுபடியும், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வருகிறது. ஸ்மித் இங்கே கத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூச்சு வாங்க இடமில்லாமல் குரல் தொண்டைக்குள்ளேயே கரகரத்துப் போகிறது. ஆண்டுக் கணக்கெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்த பெண்ணிடம் கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு வசவு. எட்டு வயதுப் பிள்ளையின் துக்கத்தை வரைந்து காட்ட இயலாது. அதைக் குரல்தான் செய்ய வேண்டும், செய்தது. 1992இல் 'லிசா தி கிரீக்' எபிசோடுக்காக ஸ்மித்துக்கு எம்மி கொடுத்தார்கள். நான் நடுவராக இருந்திருந்தால் ஓராண்டு முன்னதாகவே கொடுத்திருப்பேன்.

அதற்கடுத்த சில நிமிடங்கள் ஹோமருக்குக் குரல் கொடுத்த டான் காஸ்டெலனெட்டாவுடையவை. மகள் குரங்கு என்று சொல்லிவிட்டாளே என்று ஹோமர் புலம்ப, இந்த நேரத்தில் நீங்கள் மனம் நோக இடமில்லை, மாடியில் ஒரு குழந்தை உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று மனைவி மார்ஜ் அனுப்பிவைக்கிறாள். மாடியில் ஹோமர் பேசுவதில் ஒரு புத்திசாலித்தனமும் கிடையாது. உன் வாழ்க்கையில் அபூர்வமான மனிதர்கள் நிறைய வருவார்கள், அவர்களெல்லாம் கூடுகிற இடம் ஒன்று இருக்கும், சாப்பாடு நன்றாக இருக்கும், என்னைப் போன்றவர்கள் அங்கே பானம் பரிமாறிக்கொண்டிருப்பார்கள் என்கிறான். மகள் தன்னைத் தாண்டிப் போய்விடுவாள் என்று தெரிந்த அப்பன், அதைக் குறையாகச் சொல்லாமல் ஆறுதலாகச் சொல்கிறான். பிறகு அவளுடைய உடைந்த பொம்மை வீட்டைச் சரிசெய்து தருகிறேன் என்கிறான். குரங்கு வேலையாவது எனக்கு வருமே என்று சொல்லிக் குரங்கு போலவே சத்தமிடுகிறான். திட்டிய வசவையே எடுத்து மகளைச் சிரிக்க வைக்கிறான். ஸ்டார் வேர்ல்டில் இந்தத் தொடர் ஓடிய காலத்தில் எங்கள் அப்பா இந்த இடத்துக்கு மட்டும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பார்ப்பார். அவருக்கு வசனம் பாதிதான் புரியும்.

லிசாவின் அண்ணன் பார்ட்டின் வகுப்புத் தேர்தல் கிளைக்கதை வீண் என்பாரும் உண்டு. பார்ட்டுக்காகக் கூத்தடித்த கூட்டம் ஓட்டுப் போட மறந்ததால் எதிர்த்து நின்ற மார்ட்டின் இரண்டே ஓட்டில் ஜெயிக்கிறான். ஆனால் அந்தத் தோல்வி இல்லாவிட்டால் ஹோமர் அடுத்த அறைக்குப் போக முடியாது. லிசா, பார்ட், பிறகு கைக்குழந்தை மேகியின் வாயில் சூப்பான் என்று மூன்று அறைகளிலும் அவனுக்கு அன்று எல்லாம் கூடிவருகிறது.

பின்னாளில் ஹோமரை வெறும் முரட்டு முட்டாளாக்கிவிட்டார்கள். முட்டாள்தனம் இங்கேயும் உண்டு, ஆனால் அதற்குள் வெட்கம் தெரிந்த ஒரு மனிதன் இருந்தான். 35 பேர் கொண்ட இசைக்குழுவை வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் அதை அடக்கி வாசிக்க வைத்த இசையமைப்பாளர் ஆல்ஃப் கிளாசனையும் 2017இல் அனுப்பிவிட்டார்கள். அடுத்து படத்திலும் கை வைத்தார்கள். 2019இல் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது பழைய எபிசோடுகளின் மேலும் கீழும் வெட்டி அகலத்திரைக்கு நீட்டிவிட்டார்கள். ரசிகர்கள் சத்தம் போட்ட பிறகு 2020 மே மாதம் பழைய 4:3 அளவைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பார்ப்பதானால் அந்தப் பழைய அளவிலேயே பாருங்கள். ரயில் நிலையத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.