அகுஸ்தினாரின் நண்பர் பெற்ற திருமுழுக்கு

புனித அகுஸ்தினாரின் 'அறிக்கைகள்' நூலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எட்டாம் பிரிவின் தோட்டக் காட்சியிலேயே நின்றுவிடுகின்றனர். கண்ணீர், குழந்தையின் குரல், திறந்து வாசித்த திருமுகம் என நாடகத்துக்குரிய யாவும் அங்கே உண்டு. ஆயினும் என் உள்ளத்தில் தங்கியிருப்பது அத்தோட்டம் அன்று. நான்காம் பிரிவில் வரும் ஒரு நோயாளியின் படுக்கை.

தகாஸ்தே நகரில் ஆசிரியராயிருந்த அகுஸ்தினாருக்கு வயதொத்த நண்பர் ஒருவர் இருந்தார். விசுவாசத்தில் ஆழ வேரூன்றாத அவரை மணிகேயக் கொள்கைக்கு ஈர்த்தவரும் அகுஸ்தினாரே. கடுங்காய்ச்சலில் நண்பர் நினைவிழந்து, பிழைக்கமாட்டார் என்ற நிலை வந்தபோது, அவர் அறியாமலே அவருக்குத் திருமுழுக்கு அளித்தனர். உணர்வற்ற உடல்மீது விழுந்த நீர் என்ன செய்துவிடும் என்று அகுஸ்தினார் அதைப் பொருட்படுத்தவில்லை. நண்பர் தேறியதும், அவரும் சேர்ந்து நகைப்பார் என்றெண்ணிக் கேலி பேசினார். நண்பரோ பகைவனைக் கண்டவர்போல் வெருண்டு, நட்பு நீடிக்கவேண்டுமாயின் இப்பேச்சை விடவேண்டும் என்று கண்டித்தார். சில நாள்களில் காய்ச்சல் திரும்பியது. அகுஸ்தினார் அருகில் இல்லாத வேளையில் அவர் உயிர் பிரிந்தது.

நினைவற்றுக் கிடந்தவர் உள்ளத்தில் நிகழ்ந்தது என்ன? அகுஸ்தினார் விளக்கவே இல்லை. (நாங்கள் மறையுரையில் கால்மணி நேரம் விளக்கியிருப்போம்.) நண்பரின் சீற்றம் ஒன்றையே காட்டிவிட்டு விலகிக்கொள்கிறார். இறைவன் நம் அறிவைக் கேட்டுக்கொண்டு செயல்படுபவர் அல்லர் என்பதற்கு இதைவிட வலிய எழுத்தை நான் வாசித்ததில்லை. ஒரு குறையும் உண்டு. அந்நண்பரின் பெயர்கூட நமக்குக் கிடைப்பதில்லை. தொடரும் பக்கங்களில் ஆசிரியர் தம் துயரையே அளந்துகொண்டிருக்க, இறந்தவர் மறைந்துபோகிறார்.

387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் மிலான் நகரில் ஆயர் அம்புரோசியாரிடம், மகன் அதேயோதாத்துஸ், தோழர் அலிப்பியுஸ் ஆகியோருடன் தாம் பெற்ற திருமுழுக்கையோ ஒன்பதாம் பிரிவில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். தொட்டியும் இல்லை, எண்ணெயும் இல்லை, வெண்ணாடையும் இல்லை. கடந்த வாழ்வைப் பற்றிய கவலை அகன்றது, அவ்வளவே. அதன்பின் ஆலயப் பாடல்களைக் கேட்டு அழுததை விரிவாகச் சொல்கிறார்.

சிறுவனாய் நோயுற்றபோது திருமுழுக்குக் கேட்டும், உடல் தேறியதால் அது தள்ளிவைக்கப்பட்டதை முதற்பிரிவில் மனக்குறையுடன் நினைவுகூர்கிறார். திருமுழுக்குக்குப்பின் செய்யும் பாவம் இன்னும் கொடிது என்ற அச்சமே அன்று காரணம். நம்மவர் தள்ளிவைப்பது அச்சத்தாலன்று. தாய்மாமன் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், மண்டபம் கிடைக்கவேண்டும். பிறந்த சில வாரங்களுக்குள் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். அன்றைய அச்சத்தில் தவறு இருந்தாலும், திருமுழுக்கைப் பற்றிய நடுக்கமாவது இருந்தது.

பல ஆண்டுகளுக்குமுன் ஒரு மருத்துவமனையில், நினைவிழந்த தம் கணவருக்குத் திருமுழுக்கு அளிக்குமாறு ஓர் அம்மையார் என்னை வேண்டினார். வளர்ந்தவராயின் ஏதேனும் ஒரு வகையில் முன்னரே விருப்பம் தெரிவித்திருக்கவேண்டும் என்கிறது சட்டம். நான் தயங்கினேன். "ஞாயிறுதோறும் கோயிலின் பின்வரிசையில் நிற்பாரே, சாமி. 'ஒருநாள் நானும் வருவேன்' என்று சொல்லியிருக்கிறார்" என்றார் அவர். அளித்தேன். மறுநாள் விடியுமுன் அவர் இறந்தார். கண் விழித்திருந்தால் என்னைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்? நான்காம் பிரிவை எடுக்கும்போதெல்லாம் அந்தப் படுக்கையருகில்தான் நிற்கிறேன்.